உரிமத்துக்கு முந்தைய கேள்வி: போனக்காடு, மாண்டவி, மரினா விரிகுடா

பழைய தொழில் நின்றுபோய், அதை நம்பியிருந்த குடும்பங்கள் வருவாய்க்கு வழியின்றி நிற்கும் வட்டாரங்களைத் தேடித்தான் பெரும் விடுதித் திட்டங்கள் பெரும்பாலும் வந்து சேர்கின்றன. வேலை கிடைக்கும், சாலை வரும், நிலத்தின் மதிப்பு உயரும் என்று ஒரு தரப்பு சொல்ல, நீர் போகும், பண்பாடு கெடும், இலாபம் வெளியூருக்குப் போய்ச் சேரும் என்று மறுதரப்பு சொல்ல, விவாதம் பல ஆண்டுகள் நீள்கிறது. விடுதியோடு கேசினோ எனப்படும் சூதாட்டக் கூடமும் சேர்ந்துவிட்டால், பொருளாதாரம் ஒரு பக்கமும் ஒழுக்கம் ஒரு பக்கமுமாக ஊர் பிளந்து நிற்கிறது. ஆனால் கோவாவிலும் சிங்கப்பூரிலும் கேரளத்திலும் நடந்தவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, எந்தத் தரப்பின் வாதம் வலியது என்பதைவிட, அந்த வாதம் எந்தக் கட்டத்தில் நடந்தது என்பதே விளைவைத் தீர்மானித்திருப்பது தெரிகிறது. உரிமம் வழங்கப்படுவதற்கு முன்பு நடந்த விவாதம் நிபந்தனைகளாகச் சட்டத்தில் ஏறியிருக்கிறது. உரிமத்துக்குப் பின்பு எழுந்த விவாதம் வழக்காகவும் போராட்டமாகவும் இழுபட்டு, வென்றவர்களுக்குக்கூட முழுப் பயன் தராமல் போயிருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் மலையடிவாரச் சிற்றூரான போனக்காட்டை முன்னிறுத்தி இந்த வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

போனக்காட்டின் நிலமும் சட்டமும்

திருவனந்தபுரம் நகரிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், நெடுமங்காடு வட்டத்தின் விதுரை ஊராட்சியில், அகத்தியர் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் போனக்காடு அமைந்திருக்கிறது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு வனத்துறையின் அனுமதியோடு நடந்து செல்வோர் கேரளப் பக்கத்தில் பயணத்தைத் தொடங்கும் இடம் இதுவே. சுற்றிலும் 53 சதுர கி.மீ. பரப்புள்ள பேப்பாறை வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. 2001இல் அறிவிக்கப்பட்டு 2016இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்ற அகத்தியர்மலை உயிர்க்கோளக் காப்பகத்தின் ஒரு பகுதி இது. இந்த மலைகளில் தோன்றும் ஓடைகள் கரமனையாற்றில் சேர்கின்றன. அந்த ஆற்றின் குறுக்கே உள்ள பேப்பாறை அணை தலைநகரின் குடிநீருக்கு முக்கிய ஆதாரமாக விளங்குவதால், போனக்காட்டின் சரிவுகளில் நடக்கும் எந்த மாற்றமும் நகரத்து வீடுகளின் குழாய் வரை சென்று சேரும்.

வெள்ளையர் காலத்தில் உருவான தேயிலைத் தோட்டமே இவ்வூரின் பொருளாதாரமாக இருந்தது. தொழிற்சாலை இயக்கம் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. கொழுந்து பறித்த குடும்பங்களில், தமிழ் வழியினர் உட்பட, பலர் வெளியேறிவிட்டனர். எஞ்சியோர், வரிசை வீடுகளான லயங்களில் பழுதடைந்த கூரைகளின் கீழே, நிலுவைக் கூலிக்கும் பணிக்கொடைக்கும் காத்திருந்தபடி கிடைத்த வேலைகளைச் செய்து வாழ்கிறார்கள். லயம் நிறுவனத்தின் சொத்து. வேலை இருக்கும் வரை தங்கும் உரிமை மட்டுமே தொழிலாளிக்கு உண்டு. வேலை நின்றபின் அந்த வீட்டில் அவருடைய நிலை சட்டப்படி என்ன என்ற கேள்வி, தோட்டம் கைமாறும்போதோ வேறு பயன்பாட்டுக்குத் திரும்பும்போதோ திடீரென உயிர்பெறும்.

தோட்ட நிலத்துக்குக் கேரளத்தில் தனிச் சட்டநிலை உண்டு. 1963ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், ஐந்து பேர் வரை உள்ள குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்துக்கு அதிகபட்சம் 15 ஏக்கர் என உச்சவரம்பு விதித்தபோது, தேயிலை, காப்பி, இரப்பர், ஏலம் முதலிய தோட்டப் பயிர்களுக்கு விலக்கு அளித்தது. தோட்டத் தொழில் பெரும் பரப்பில்தான் நடக்க முடியும் என்பதும், ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தருகிறது என்பதுமே அவ்விலக்கின் அடிப்படை. ஆகவே தோட்ட நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால் விலக்கு நீங்கி, வரம்புக்கு மேற்பட்ட நிலம் அரசுக்குச் சேர வேண்டும் என்பது சட்டத்தின் தர்க்கம். 2012இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்தத் தர்க்கத்தில் ஒரு வாசலைத் திறந்தது: தோட்டப் பரப்பில் 5 விழுக்காடு வரை மலர்ச் சாகுபடி, மருந்துச் செடிகள், பால்பண்ணை ஆகியவற்றோடு தங்கும் விடுதிகளுக்கும் சுற்றுலாவுக்கும் பயன்படுத்தலாம் என்றானது. இதனால், நலிந்த தோட்டம் ஒவ்வொன்றும் விடுதிக்கு ஏற்ற மனையாகவும் பார்க்கப்படத் தொடங்கியது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது, சூழலியல் நோக்கில் எளிதில் சிதையக்கூடிய நிலங்களை இழப்பீடின்றி அரசின் வசமாக்கும் 2003ஆம் ஆண்டின் கேரளச் சட்டம். போனக்காட்டுக்கு அண்மையிலுள்ள பொன்முடியின் மெர்க்கிஸ்டன் எஸ்டேட்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தன் கல்வி நிலையத்துக்காக நிலம் வாங்கியபோது, அது இச்சட்டத்தின் கீழ் ஏற்கெனவே அரசைச் சேர்ந்த நிலமா என்ற சர்ச்சை 2000களின் இறுதியில் மாநில அரசியலையே உலுக்கியது; அந்தக் கல்வி நிலையம் முடிவில் நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில் அமைந்தது. பொது நோக்கம் கொண்ட அரசு நிறுவனமே விலை கொடுத்தபின் உரிமைக் கேள்வியில் சிக்கிக்கொண்ட இந்த வட்டாரத்தில், தனியார் விடுதிக்கு அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழும்.

சூதாட்ட விடுதியின் கணக்கு

கேசினோவைக் கேரளச் சட்டம் அனுமதிக்கவில்லை. 1960ஆம் ஆண்டின் கேரள விளையாட்டுச் சூதுச் சட்டம் பொதுச் சூதாட்ட இடம் நடத்துவதைக் குற்றமாக்குகிறது. இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் இருப்பதால், இம்முடிவு சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது. கோவாவும் சிக்கிமும் தம் சட்டங்களின் வழி கேசினோவை அனுமதித்தன. மகாராட்டிரம் 1976இல் சட்டம் இயற்றியும் ஒருநாளும் நடைமுறைப்படுத்தாமல் வைத்திருந்து, 2023இல் அதை நீக்க முடிவெடுத்தது.

எனினும் கேரளம் சூதின் வருவாயை அறியாத மாநிலமன்று. 1967இல் தொடங்கிய கேரள அரசு லாட்டரி, இந்தியாவில் ஒரு மாநில அரசே நடத்திய முதல் லாட்டரி. தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடைசெய்தபின்னும் கேரளத்தில் அது முக்கிய வருவாயாகவும், மாற்றுத்திறனாளிகள் உட்பட ஏராளமான விற்பனையாளர்களின் பிழைப்பாகவும் நீடிக்கிறது. ஆகவே ஒழுக்கத்தின் பெயரால் மட்டும் கேசினோவை எதிர்க்கும் வாதத்துக்கு அங்கே உடனடியாக ஒரு மறுமொழி காத்திருக்கிறது: அரசே சீட்டு விற்கும்போது தனியாருக்கு ஏன் தடை? இதற்கு விடை காண, கேசினோ எப்படிப் பணம் ஈட்டுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

சுழல்சக்கர ஆட்டத்தின் ஐரோப்பிய வகையில் 37 குழிகள் உள்ளன. ஓர் எண்ணில் கட்டி வென்றவருக்குக் கட்டியதைப் போல் 35 மடங்கு தரப்படுகிறது. வாய்ப்பின்படி நேர்மையான பரிசு 36 மடங்கு என்பதால், கட்டப்படும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு கூடத்துக்கே தங்கிவிடுகிறது. இவ்வளவு சிறிய பங்கு பெரும் வருவாயாவதற்கு, ஒரே பணம் மீண்டும் மீண்டும் மேசையில் வைக்கப்பட வேண்டும். அதற்கு ஆட்டக்காரர் நெடுநேரம் தங்க வேண்டும். உணவு, தங்கல், இசை, கடைகள் அனைத்தையும் ஒரே வளாகத்தில் சேர்க்கும் ஒருங்கிணைந்த விடுதி என்ற அமைப்பு இந்தத் தேவைக்குப் பொருந்தி வருகிறது. லாட்டரிச் சீட்டு வாங்கியவர் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும்; கேசினோவில் அடுத்த சுற்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. இழந்ததை மீட்கும் வேட்கையில் ஒருவர் நின்று யோசிக்க இடம் தராத அந்த வேகமே இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு. இரண்டாவதாக, ஆட்டக்காரர் உள்ளூர்வாசியாக இருந்தால் அவர் இழக்கும் பணம் ஊரின் கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் எடுக்கப்பட்டதாகிறது. வெளியூர்வாசியாக இருந்தால்தான் ஊருக்குப் புதுப்பணம் வருகிறது. எனவே உள்ளூர் மக்களை உள்ளே விடுவதா என்ற விதியே விடுதியின் சமூக விளைவைப் பெருமளவு நிர்ணயிக்கிறது. இந்த ஒரு விதியைக் கோவாவும் சிங்கப்பூரும் கையாண்ட முறையில் இரண்டின் வரலாறும் அடங்கியிருக்கிறது.

கோவா: உரிமம் முதலில், விதி பின்னர்

கோவாவின் 1976ஆம் ஆண்டுச் சூதாட்டத் தடைச் சட்டத்தில் 1992இல் செய்யப்பட்ட திருத்தம் ஐந்து நட்சத்திர விடுதிகளில் மின்னியல் ஆட்டப்பொறிகளை அனுமதித்தது. 1996இன் திருத்தம் கடலில் நிற்கும் கப்பல்களில் மேசை ஆட்டங்களையும் அனுமதித்தது. ஆனால் அந்தக் கப்பல்கள் நடைமுறையில் தலைநகர் பணஜியின் நடுவே ஓடும் மாண்டவி ஆற்றிலேயே நங்கூரமிட்டன. ஆற்றங்கரைச் சாலையின் நெரிசல், நகரத் தோற்றத்தின் மாற்றம், இளைஞர்கள் சூதில் விழுவது ஆகியவற்றைச் சுட்டிக் குடிமக்கள் போராடினர். சபீனா மார்ட்டின்ஸ் முன்னின்று நடத்திய சூதாட்ட எதிர்ப்பு இயக்கம் பல ஆண்டுகள் தெருவிலும் நீதிமன்றத்திலும் இயங்கியது. எதிர்க்கட்சியாக இருந்தபோது கப்பல்களை அகற்றக் கோரியவர்கள் ஆட்சிக்கு வந்தபின் இடமாற்றத்துக்குக் கால நீட்டிப்பு அளித்துக்கொண்டே வந்தனர். வரி வருவாயும் வேலைவாய்ப்பும் அதற்குள் அரசின் கணக்கில் நிலையான இடம் பிடித்துவிட்டதே காரணம்.

உள்ளூர்வாசிகள் கேசினோவுக்குள் நுழையத் தடை விதிக்கும் திருத்தம் 2012இல் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தது 2020 பிப்ரவரி 1 அன்றுதான். முதல் திருத்தத்திலிருந்து எண்ணினால் 28 ஆண்டுகள். அந்த இடைவெளியில் நேர்ந்த இழப்புகளை எந்த விதியாலும் பின்னோக்கிச் சென்று ஈடுசெய்ய முடியாது. ஆற்றிலிருந்து நிலத்துக்கு நகரும் அடுத்த கட்டமாக, பெர்ணெம் வட்டத்தின் தார்கல் பகுதியில் டெல்டா குழுமம் முன்வைத்த ஒருங்கிணைந்த விடுதித் திட்டம் வந்தபோது, திலாரி பாசனத் திட்டத்தின் ஆயக்கட்டு நிலம் அதற்காகப் பாசனத்திலிருந்து விலக்கப்படுவதை எதிர்த்து உழவர்களும் ஊர்மக்களும் குரல் எழுப்பினர். அவர்களின் வாதம் சூதைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. பொதுப் பணத்தில் வெட்டிய வாய்க்காலின் நீர் யாருக்கு என்பதே அதன் மையம். மோப்பா விமான நிலையம் திறந்தபின் அவ்வட்டாரத்தின் நிலமதிப்பு ஏறிய சூழலில் அந்தக் கேள்வி மேலும் கூர்மையடைந்தது.

சிங்கப்பூர்: ஓராண்டு வாதமும் எழுதப்பட்ட நிபந்தனையும்

சிங்கப்பூரில் 2004இல் இந்த யோசனையை அரசு வெளிப்படையாக முன்வைத்த பின், ஓராண்டுக்கு மேல் நாடாளுமன்றத்திலும் நாளிதழ்களிலும் வழிபாட்டு அமைப்புகளிலும் விவாதம் நடந்தது. கிறித்தவ, இசுலாமிய அமைப்புகள் எதிர்த்தன. குடும்பங்களின் பெயரால் நடந்த எதிர்ப்பு மனுவில் ஏறத்தாழ 30,000 பேர் கையெழுத்திட்டனர். அமைச்சரவையிலும் கருத்து வேறுபாடு இருந்ததைப் பிரதமர் லீ சியன் லூங் மறைக்கவில்லை. 2005 ஏப்ரல் 18 அன்று, மரினா விரிகுடாவில் ஒன்று உட்பட, இரண்டு விடுதிகளுக்கு அனுமதி என்று அறிவித்தபோது, எதிர்ப்பாளர்கள் எழுப்பிய அச்சங்களுக்கான காப்புகளும் உடன் அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டில் சூதாட்டச் சிக்கல்களுக்கான தேசிய மன்றம் அமைந்தது. 2006இல் கேசினோ கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. கூடங்கள் திறந்தது 2010இல்தான்.

அச்சட்டத்தின்படி குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே செல்ல ஒரு நாளைக்கு 100 வெள்ளி அல்லது ஆண்டுக்கு 2,000 வெள்ளி நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 2019இல் இவை 150, 3,000 என உயர்த்தப்பட்டன. சூதுக்கு அடிமையானவரைத் தடுக்கும்படி அவருடைய குடும்பத்தினரே விண்ணப்பிக்கலாம். ஆட்டக்கூடத்தின் பரப்புக்கும் உச்சவரம்பு உண்டு. தேசிய மன்றத்தின் ஆய்வுகளில் சூதாட்டச் சிக்கல் உள்ளோரின் விகிதம் 2011இல் 2.6 விழுக்காடாகவும் 2014இல் 0.7 விழுக்காடாகவும் பதிவானது. இந்த வீழ்ச்சிக்குக் காப்புகள் மட்டுமே காரணம் என்று கூற முடியாது. சிங்கப்பூரின் முடிவு மேலிருந்து எடுக்கப்பட்டது, மக்கள் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை என்பதும் மறுக்க முடியாத குறை. ஆயினும், தோற்ற தரப்பின் வாதங்கள் வென்ற தரப்பின் சட்டத்துக்குள் இடம்பெற்றன; திறப்புக்கு முன்பே இடம்பெற்றன. கோவாவில் 28 ஆண்டுகள் எடுத்த ஏற்பாடு இங்கே முதல் ஆட்டக்காரர் நுழையும்போதே நடைமுறையில் இருந்தது.

கேரளத்தின் பிந்திய வெற்றிகள்

கேசினோ இல்லாத கேரளத்திலும் இதே வரிசைப் பிழை விடுதிகளின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 2007இல் முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் அமைத்த சிறப்புக் குழு மூணாறில் ஆக்கிரமிப்பு விடுதிகளை இடிக்கத் தொடங்கி, அரசியல் எதிர்ப்பால் சில வாரங்களில் தளர்ந்தது. ஆலப்புழை மாவட்டம் நெடியதுருத்தில் வேம்பநாட்டுக் காயலின் நடுவே எழுந்த காப்பிகோ விடுதியைக் கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியது என்று 2013இல் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இடிப்பு தொடங்கியது 2022 செப்டம்பரில். காயலில் வலை வீசி வாழ்ந்த மீனவர்களின் முறையீடு இவ்வழக்குக்கு உயிர் தந்தது. ஆனால் அவர்கள் இழந்த ஆண்டுகளைத் தீர்ப்பு திருப்பித் தரவில்லை.

பாலக்காடு மாவட்டத்தின் பிளாச்சிமடை இன்னும் ஆழமான பாடம். 2000இல் இயங்கத் தொடங்கிய கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்று எரவாளர் பழங்குடிப் பெண்ணான மயிலம்மா உள்ளிட்டோர் போராடியதைத் தொடர்ந்து, பெருமாட்டி ஊராட்சி 2003இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010இல் அரசு அமைத்த உயர்நிலைக் குழு இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறவில்லை. ஊராட்சி உரிமத்தை மறுக்க முடிந்தது. கெட்ட நீருக்கு விலை வாங்க முடியவில்லை. அந்த விலையை உரிமத்தின் நிபந்தனையாகவே தொடக்கத்தில் எழுதியிருந்தால், இழப்பீட்டுக்குப் புதிய சட்டம் தேடி டெல்லி வரை போக நேர்ந்திராது.

ஆரோக்கியப்பச்சையின் படிப்பினை

போனக்காட்டைச் சூழ்ந்த காடுகளில் வாழும் காணிக்காரர்கள் அல்லது காணிகள் எனப்படும் பழங்குடியினர் பயன் பகிர்வில் உலகறிந்த ஓர் அனுபவத்தை உடையவர்கள். 1987இல் அகத்தியர் மலைக் காடுகளுக்குச் சென்ற ஆய்வுக் குழுவினர், வழிகாட்டிய காணிகள் களைப்பு நீங்க ஒரு செடியின் பழங்களைத் தின்பதைக் கண்டனர். ஆரோக்கியப்பச்சை எனப்படும் அச்செடியிலிருந்து பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டு உரிமத்தொகைக்கும் வழங்கியது. இவற்றில் பாதி காணிகளுக்கு என முடிவானது. மரபறிவுக்கு உரியவர்களோடு வருவாயைப் பகிர்ந்த முன்னோடி என்று உலக அரங்குகளில் இது பேசப்பட்டது.

ஆனால் காணிகளின் அறக்கட்டளை பதிவானது 1997இல், அதாவது உரிமம் கைமாறி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. பேரம் நடந்த காலத்தில் காணிகளுக்கென்று பேச அமைப்பு எதுவும் இருக்கவில்லை. எல்லாப் பகுதிக் காணிகளும் கலந்தாலோசிக்கப்படவும் இல்லை. இலை சேகரிக்க வனத்துறை ஒப்பாததால் அவர்கள் எதிர்பார்த்த தொடர் வருவாயும் தடைப்பட்டது. நல்லெண்ணம் நிறைந்த முயற்சியாக இருந்தும், யார் உரிமையாளர், எந்தக் காட்டில் எந்த விதி என்ற கேள்விகள் ஒப்பந்தத்துக்குப் பின்னால் தள்ளப்பட்டதால் அது குறைப்பட்டது. விடுதியின் இலாபத்தில் உள்ளூர்ப் பங்கு என்று வாக்களிக்கும் எந்தத் திட்டமும் இந்த அனுபவத்தைக் கடந்தே வர வேண்டும்.

எது முதலில்?

போனக்காடு போன்ற ஊருக்கு வருவாய் தேவை என்பதை மறுப்பது, லயத்தின் ஒழுகும் கூரையின் கீழ் வாழ்பவர்களை இயற்கையின் காவலர்கள் என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடும் வசதியாகிவிடும். சுற்றுலா அவர்களுக்குப் பயன்படலாம். அளவான தங்குமிடங்களும் நடைப்பயண வழிகாட்டலும் ஏற்கெனவே அங்கு மக்கள் அறிந்த தொழில்கள். கேள்வி வரிசையைப் பற்றியது. விடுதிக்கான உரிமம் கோரப்படும் நாளுக்கு முன்பே நான்கு காரியங்கள் முடிந்திருக்க வேண்டும்.

முதலாவது, தோட்டத் தொழிலாளர்களின் நிலுவைக் கூலி, வைப்பு நிதி, பணிக்கொடை ஆகியவை தீர்க்கப்படுவது. பழைய கடனை அடைக்காத நிலத்தில் புதிய இலாபம் தொடங்குவது முறையன்று. இரண்டாவது, அவர்களுடைய வீட்டுக்கும் மனைக்கும் பட்டா. 2020 ஆகஸ்டில் தோட்டக் குடியிருப்புகளில் 70 உயிர்களை மண்ணில் புதைத்த பெட்டிமுடி நிலச்சரிவு, மலைச்சரிவில் தமக்கென ஓர் அடி மண்ணும் இல்லாமல் தலைமுறைகளாக வாழ்வதன் பொருளை எல்லோருக்கும் காட்டியது. மூன்றாவது, நீர்: பேப்பாறையின் நீர்ப்பிடிப்பில் எவ்வளவு எடுக்கலாம், கழிவு எங்கே போகும், மீறினால் எவ்வளவு தண்டம் என்பவை உரிமப் பத்திரத்திலேயே எண்ணிக்கையோடு எழுதப்பட்டு, அந்தத் தொகைக்கு முன்வைப்பும் பெறப்படுவது. நான்காவது, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி காணிகளின் கிராம சபைகள் தம் காட்டைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை முறையாகப் பயன்படுத்துவது. ஒடிசாவின் நியம்கிரியில் உச்ச நீதிமன்றம் 2013இல் வழங்கிய தீர்ப்பின்படி 12 கிராம சபைகள் கூடி அங்கு பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. மறுக்க முடிந்த சபைக்குத்தான் நிபந்தனையோடு ஒப்புக்கொள்ளும் ஆற்றலும் உண்டு.

இந்த நான்கும் நிறைவேறினால் முதலீடு ஓடிவிடும் என்ற அச்சம் கூறப்படலாம். சிங்கப்பூரின் கடும் நிபந்தனைகளை ஏற்றும் உலகின் பெரும் நிறுவனங்கள் போட்டியிட்டு முதலீடு செய்தன என்பது அதற்கு ஒரு விடை. தெளிவான நிபந்தனையை முதலீட்டாளர் கணக்கிட்டுக்கொள்ள முடியும். பத்தாண்டுகளுக்குப் பிறகு வரக்கூடிய இடிப்பு ஆணையை அவரால் கணக்கிட முடியாது. அந்த வகையில் காப்பிகோவின் முதலீட்டாளரும் நெடியதுருத்தின் மீனவரும் ஒரே பிழையால் இழந்தவர்கள். உரிமை உறுதியாகாத மக்களிடம் கேட்கப்படும் சம்மதம், அவர்களின் பசியிடம் கேட்கப்படும் சம்மதமாகவே இருக்கும். கூலி கைக்கு வந்து, வீடு பெயருக்கு மாறி, நீரின் கணக்கு எழுதப்பட்ட பின் போனக்காட்டு மக்கள் ஒரு விடுதியை வரவேற்றாலும் மறுத்தாலும் அந்த முடிவை ஊரின் முடிவென்று எவரும் ஏற்கலாம். அதற்கு முன்பு எடுக்கப்படும் எந்த முடிவையும் அவ்வாறு அழைக்க முடியாது.